ஊரவை ஆவணங்களில் சிறப்புச்செய்தல்: வினைமுற்று வழி ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஓர் ஊர் தன்னிடையே வாழும் ஒருவரின் செயலைப் பாராட்டிப் பதிவுசெய்யும்போது, அப்பதிவின் எழுவாய் யார், வினைமுற்று எது என்னும் வினாவை இக்கட்டுரை எழுப்புகிறது. நடுகற்களின் ‘பட்டான்’, சோழர் காலச் சபைக் கல்வெட்டுகளின் ‘கொடுத்தோம்’, இன்றைய உள்ளாட்சித் தீர்மானங்களின் ‘தீர்மானிக்கப்பட்டது’ ஆகிய மூன்று முற்றுகளை எடுத்துக்கொண்டு, சிறப்புச்செய்தல் என்பது புகழ்மொழியாக அன்றிக் கடப்பாடாக அமைந்த முறையை விளக்குகிறது. உத்தரமேரூர், மானூர், காமரசவல்லி, உக்கல் ஆகிய ஊர்களின் கல்வெட்டுகள் முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளப்பட்டுள்ளன.

திறவுச்சொற்கள்: ஊரவை, சபையோம், தன்மைப் பன்மை, காணி, இறையிலி, நடுகல், தீர்மான மொழி.

முன்னுரை

சோழர் கால ஊராட்சி பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் தேர்தல் முறையையே மையமாகக் கொண்டு வளர்ந்துள்ளன. உத்தரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலிலுள்ள முதலாம் பராந்தகனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகளை வி. வெங்கையா வெளிப்படுத்திய காலந்தொட்டுக் குடவோலையே பேசப்பட்டு வருகிறது. பின்னர் கே. ஏ. நீலகண்ட சாத்திரியார் அக்கல்வெட்டுகளை ஆட்சிமுறை வரலாற்றின் நடுவில் நிறுத்தினார். அவ்வாய்வுகளின் பயனை மறுப்பதற்கில்லை. எனினும் சபை எவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதில் காட்டிய ஆர்வத்தை, சபை கூடிய பின் என்ன பேசியது, யாரை மதித்தது, மதித்ததை எந்த மொழியில் எழுதிவைத்தது என்பவற்றில் தமிழாய்வுலகம் போதிய அளவு காட்டவில்லை. கல்வெட்டுகளைத் தரவுகளாகக் கொண்ட அளவுக்கு நாம் அவற்றைத் தொடர்களாகப் படித்ததில்லை.

நிலம் விற்றல், இறை நீக்கல், ஏரி தூர்வாரல், வட்டிக்குப் பொருள் பெறல் ஆகிய அன்றாடக் காரியங்களிடையேதான் சபைகள் ஒருவரின் கலைத்திறத்தையும் கொடையையும் உயிரீகத்தையும் ஏற்று மதித்தன. அதற்கெனத் தனி ஆவண வகை எதுவும் இருந்ததில்லை. நிலவிற்பனைக்குப் பயன்பட்ட அதே வாய்பாடே கூத்தனுக்குக் காணி கொடுக்கவும் பயன்பட்டது. இவ்வொற்றுமையே இக்கட்டுரையின் தொடக்கப் புள்ளி.

பட்டான்: வீரனே எழுவாய்

ஊரவை ஆவணங்களுக்கு முற்பட்ட பாராட்டுப் பதிவு நடுகல்லே. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட தமிழி எழுத்து நடுகற்களுள் ஒன்று, கூடலூர் ஆகோளில் மாண்ட தீயன் அந்தவன் என்பானைக் குறிக்கிறது. ‘ஆகோள்’ என்னும் தொல்காப்பிய வெட்சித்துறைச் சொல் அங்குக் கல்லிலேயே இடம்பெற்றமை பலராலும் எடுத்துக்காட்டப்பட்டுள்ளது. ஆனால் அத்தொடரில் வினைமுற்று எதுவும் இல்லை என்பதும் கருதத்தக்கது. கல், ஆள், ஊர், நிகழ்வு ஆகிய பெயர்கள் மட்டுமே அடுத்தடுத்து நிற்கின்றன. கல்லை நட்டவர் யார் என்பதற்கு அத்தொடரில் இடமில்லை.

செங்கம் பகுதி நடுகற்களில் வினை தோன்றிவிடுகிறது. எடுத்தனூரில் உள்ள மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு நடுகல், எருமை நிரையைக் காக்கும் முயற்சியில் இறந்த கருந்தேவக்கத்தியைப் ‘பட்டான்’ என்கிறது. அவனுடைய நாய்க்கும் அக்கல்லில் இடமுண்டு. கோவிவன் என்னும் அந்நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காத்துநின்ற செய்தி பொறிக்கப்பட்டு, அதன் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. ஒரு நாயின் பெயர் ஏறத்தாழப் பதினான்கு நூற்றாண்டுகளாக நிலைத்திருப்பதற்கு வேறு சான்று தேடுவது அரிது. நாய்க்கும் ஆளுக்கும் பாராட்டு ஒரே முறையில்தான் வழங்கப்பட்டுள்ளது. என்ன செய்தான், என்ன செய்தது என்பதே பாராட்டு. வீரன், சூரன் என்னும் அடைமொழிகள் அங்குத் தேவைப்படவில்லை.

இங்கு எழுவாய் இறந்தவனே. ‘பட்டான் கல்’ என்னும்போது பட்டவன் எழுவாயாகவும் கல் அவனுக்கு உரிய பொருளாகவும் அமைகின்றன. நட்ட ஊர் தொடருக்கு வெளியே நிற்கிறது. தொல்காப்பியம் கூறும் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் ஆகிய ஆறு நிலைகளும் ஊரார் செய்யும் செயல்களே எனினும், அவை நிகழ்த்தப்படுகின்றன, எழுதப்படுவதில்லை. சடங்கில் இருக்கும் ஊர் எழுத்தில் இல்லை.

வீரன் மாண்டபின் அவன் மரபினர்க்கு நிலம் விடும் வழக்கம் வளர்ந்தபோது இந்நிலை மாறியது. உதிரப்பட்டி என்று தமிழ்க் கல்வெட்டுகளும், அதே பொருளில் நெத்தரு கொடகி என்று கன்னடக் கல்வெட்டுகளும் குறிப்பிடும் அந்நிலக்கொடையைச் சடங்கால் மட்டும் முடிக்க இயலாது. நிலத்துக்கு எல்லை உண்டு, இறை உண்டு, வழிவழி உரிமை உண்டு. கொடுப்பவர் யார் என்பதை எழுதியே ஆகவேண்டும். குருதிக்கு ஈடாக நிலம் வந்த இடத்தில்தான் ஊர் எழுவாயாகத் தொடருக்குள் நுழைகிறது என்று கருதலாம்.

கொடுத்தோம்: சபையே எழுவாய்

பிரமதேய ஊர்களின் சபை, வெள்ளான்வகை ஊர்களின் ஊர், வணிகர் குடியிருப்புகளின் நகரம், இவற்றைக் கடந்த நாடு ஆகிய நால்வகை அவைகளும் தம்மைக் குறிக்கும் முறை ஒன்றே: சபையோம், ஊரோம், நகரத்தோம், நாட்டோம். குழுவின் பெயரடியாகப் பிறந்த இத்தன்மைப் பன்மைக் குறிப்புமுற்று கல்வெட்டுகளில் பெயராகவும் வினையாகவும் ஒருங்கே இயங்குகிறது. தொடரின் இறுதியில் வரும் ‘கொடுத்தோம்’, ‘பணித்தோம்’ என்னும் தெரிநிலை முற்றுகளோடு இயைந்து, எழுவாயும் பயனிலையும் ஒரே விகுதியால் பூட்டப்பட்டு நிற்பதைக் காண்கிறோம்.

இவ்விகுதியின் இலக்கண வரலாறு பொருட்படுத்தத்தக்கது. தொல்காப்பியம் தன்மைப் பன்மைக்குக் கூறும் விகுதிகளுள் அம், ஆம், எம், ஏம் ஆகியனவும் உம்மொடு வரும் கும், டும், தும், றும் என்பனவும் உள்ளன; ‘ஓம்’ இல்லை. நன்னூல் அதனைச் சேர்த்துக்கொள்கிறது. நன்னூல் இயற்றப்படுவதற்குப் பல தலைமுறைகட்கு முன்பே ஊரவைகள் அவ்விகுதியைக் கல்லில் நிலைபெறச் செய்துவிட்டன. வழக்கு முன்னே செல்ல இலக்கணம் பின்னே வந்தது என்பதற்கு இது தக்க சான்று.

நன்னூலார் அவ்விகுதிக்குத் தரும் பொருள் வரையறை நம் ஆய்வுக்கு இன்னும் நெருக்கமானது. அம், ஆம் என்பன முன்னிலையாரைத் தன்மையோடு சேர்ப்பன. எம், ஏம், ஓம் என்பன படர்க்கையாரைச் சேர்ப்பன. அதாவது, ‘ஓம்’ என்று சொல்பவர் தம் எதிரே நின்று கேட்பவரை அதற்குள் அடக்குவதில்லை. அங்கு இல்லாதவரை அடக்குகிறார். இவ்வரையறையைச் சபைக் கல்வெட்டுகளுக்குப் பொருத்திப் பார்த்தால் இரண்டு உண்மைகள் புலனாகும். கூட்டத்துக்கு வராத உறுப்பினரும் முடிவால் கட்டுப்பட்டார் என்பது ஒன்று. ‘குறைவறக் கூடியிருந்து’ என்று கல்வெட்டுகள் வலியுறுத்துவதன் காரணமும் இதுவே. சிறப்புப் பெறுபவர் அந்த ‘ஓம்’ என்னும் வட்டத்துக்கு வெளியே நிற்கிறார் என்பது மற்றொன்று. இரண்டாவது செய்திக்குப் பின்னர் மீள்வோம்.

அரசனும் தன்னைப் பன்மையில் கூறிக்கொள்கிறானே என்று வினவலாம். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் தான் கொடுத்தவற்றையும், தமக்கை கொடுத்தவற்றையும், தன் பெண்டுகள் கொடுத்தவற்றையும், மற்றுள்ளோர் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டப் பணிக்கும்போது ‘நாம்’ என்றே தொடங்குகிறான். ஆயின் அது ஒருவனின் உயர்வு குறித்த பன்மை. அரசன் மறைந்தால் அந்த ‘நாம்’ மறையும். அடுத்தவனின் ‘நாம்’ வேறு. சபையின் ‘ஓம்’ எண்ணிக்கைப் பன்மை. அதில் ஒருவர் இறந்தாலும் விலகினாலும் எழுவாய் அழிவதில்லை. சந்திர சூரியர் உள்ளவரை என்று சபை எழுதியபோது அதற்கு ஓரளவேனும் பொருளிருந்தது இதனாலேயே.

காமரசவல்லிச் சாக்கையன்

அரியலூர் மாவட்டத்திலுள்ள காமரசவல்லி, சோழர் காலத்தில் காமரவல்லிச் சதுர்வேதிமங்கலம் எனப்பட்டது. முதலாம் இராசேந்திரன் காலத்தில் அவ்வூர்ச் சபை கூடி, சாக்கை மாராயன் விக்கிரமசோழன் என்னும் கூத்தனுக்குச் சாக்கைக்காணியாக நிலம் அளித்தது. அவன் மார்கழித் திருவாதிரையில் மூன்று முறையும் வைகாசித் திருவாதிரையில் மூன்று முறையும் சாக்கைக்கூத்து ஆட வேண்டும் என்பது ஏற்பாடு.

இக்கூத்தனின் பெயரமைப்பைப் பிரித்துப் பார்ப்போம். ‘சாக்கை’ என்பது கலையும் குடியும். ‘மாராயன்’ என்பது சிறப்புப் பெயர். ‘விக்கிரமசோழன்’ என்பது அரசமரபைச் சார்ந்த பெயர். ஆகவே சபையின் முன் அவன் வந்தபோதே பட்டம் பெற்றவனாக வந்திருக்கிறான். சபை அவனுக்குப் புதிய பட்டம் எதையும் சூட்டவில்லை; நிலம் கொடுத்தது. பெயர் அரசமரபு சார்ந்தது, காணி ஊர் சார்ந்தது என்னும் இப்பகுப்பு கவனத்துக்குரியது. சாக்கையரின் கூத்தை அரசவையில் வைத்துக் காட்டியது சிலப்பதிகாரம். செங்குட்டுவன் முன் ஆடிய பறையூர்ச் சாக்கையனை நாம் அறிவோம். காமரசவல்லியில் அதே கலைக்கு ஊர் புரவலாகிறது.

அடுத்து, ஆறு ஆட்டம் என்னும் கணக்கு. ஆண்டுக்கு இரு திருவாதிரைகள், ஒவ்வொன்றிலும் மூன்று. இது கூத்தனின் கடமையை வரையறுப்பது போலத் தோன்றினாலும், சபையின் கடமையையும் வரையறுக்கிறது. ஆட்டம் நிகழும் நாளும் எண்ணிக்கையும் கல்லில் இருக்கும்வரை, காணியை மீட்டுக்கொள்ளவோ, ஆடும் உரிமையை வேறொருவர்க்கு மாற்றவோ சபைக்கு எளிதில் இயலாது. நிபந்தனை என்பது பெறுபவரைக் கட்டும் கயிறு மட்டுமன்று. அதன் மறுமுனை கொடுப்பவரின் கையிலும் கட்டப்பட்டிருந்தது.

இதனோடு ஒப்பிடத்தக்கது தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசேசுவர நாடகம் ஆடுவதற்கு இரண்டாம் இராசேந்திரன் காலத்தில் செய்யப்பட்ட ஏற்பாடு. திருமுதுகுன்றனான விசயராசேந்திர ஆசாரியனுக்கு நாளொன்றுக்கு ஒரு தூணி நெல், ஆண்டுக்கு 120 கலம் என வரையறுக்கப்பட்டது. கலத்துக்கு மூன்று தூணியாதலின் 360 நாள் கணக்கு அதில் பிசகாமல் நிற்கிறது. அங்கு நெல் வருவது கோயிற் பண்டாரத்திலிருந்து, அரசனின் பணிப்பால். கூத்தன் பெறுவது கூலியை ஒத்த ஒழுங்கான வருவாய். காமரசவல்லியில் அவன் பெறுவதோ காணி. ஊரின் நிலப்பரப்பில் ஒரு துண்டு அவன் கலையின் பெயராலேயே வழங்கப்படுகிறது. கூத்துக்காணி, உவச்சக்காணி, தச்சக்காணி, ஏரிப்பட்டி எனத் தொழிலின் பெயர் நிலத்தின் பெயராவதைக் காட்டிலும் நீடித்த பாராட்டு இதழ் வேறு இருக்கமுடியுமா என்பது ஐயமே.

இறையிலியின் பொருள்

ஊர்ச்சபை நிலத்தை இறையிலியாகச் செய்துகொடுப்பதன் பொருளாதாரப் பக்கத்தைச் சிறிது விரிவாக நோக்குதல் வேண்டும். அரசுக்குரிய இறையை ஊர் மொத்தமாகச் செலுத்தும் பொறுப்பில் இருந்தமையால், ஒரு நிலத்துக்கு இறை நீக்கினால் அந்தத் தொகை மறைந்துவிடுவதில்லை. எஞ்சியவர் தலையில் ஏறுகிறது. இதனை ஈடுசெய்யச் சபைகள் பல வேளைகளில் முன்கூட்டியே இறைத்திரவியம் என்னும் மொத்தப் பொருளைப் பெற்றுக்கொண்டு, அந்நிலத்தின் இறையைத் தாமே இறுப்பதாக எழுதிக்கொடுத்தன. பொருள் பெறாமல் செய்த இடங்களில் சுமை முழுவதும் ஊருடையது.

எனவே ஒருவர்க்குச் சபை செய்த சிறப்பின் அளவை அங்குள்ள புகழ்ச்சொற்களால் அளக்க முடியாது. அச்சொற்கள் பெரும்பாலும் இல்லை. அதனை அச்சபை தன்மேல் ஏற்றுக்கொண்ட கடனாலேயே அளக்கவேண்டும். மெய்க்கீர்த்தியில் அடைமொழிகள் பெருகுவதையும், அதனை அடுத்து வரும் சபையின் உரைப்பகுதியில் அவை முற்றிலும் வறண்டு அளவுகளும் எல்லைகளும் மட்டுமே எஞ்சுவதையும் படிப்போர் எளிதில் உணரலாம். மெய்க்கீர்த்தியின் இலக்கிய நயத்தை வியந்து, உரைப்பகுதியை வெறும் தரவாக ஒதுக்கும் பழக்கம் தமிழ்த்துறைகளில் உண்டு. மதிப்பின் மொழி எது என்னும் வினாவுக்கு விடை அந்த வறண்ட பகுதியில்தான் இருக்கிறது.

இலக்கியப் படைப்புக்குக்கூட இதே நெறி பின்பற்றப்பட்டது. கன்னிவன புராணம், பூம்புலியூர் நாடகம் என்னும் நூல்கள் இயற்றப்பட்டமையையும் அதற்காக நிலம் விடப்பட்டமையையும் திருப்பாதிரிப்புலியூர்க் கல்வெட்டு கூறுகிறது. இரண்டு நூல்களும் இன்று கிடைக்கவில்லை. நூல்கள் அழிந்தும் நூல்கள் இருந்தன என்னும் செய்தி நிலக்கொடையால் பிழைத்தது. இலக்கிய வரலாற்றில் அவற்றின் பெயர்கள் இடம்பெறுவதற்கு நிலத்தின் கணக்கே காரணம்.

உத்தரமேரூர்: பொறுப்பே சிறப்பு

921ஆம் ஆண்டைச் சேர்ந்த பராந்தகனின் கல்வெட்டை இப்பார்வையில் மீளப் படித்தால், குடவோலை முறையினுள்ளே மதிப்பின் ஒரு படிநிலை அமைந்திருப்பதைக் காணலாம். முப்பது குடும்புகளிலிருந்து ஓலை வழித் தேர்ந்தெடுக்கப்பட்டோருள், முன்பு தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தவர்களும், கல்வியாலும் வயதாலும் மூத்தவர்களும் பன்னிருவர் சம்வத்சர வாரியத்துக்கு அமர்த்தப்பட்டனர். எஞ்சியோருள் பன்னிருவர் தோட்ட வாரியத்துக்கும் அறுவர் ஏரி வாரியத்துக்கும் உரியராயினர். நற்பணிக்குப் பரிசு மேலும் பணியே. ஏரியைக் காத்தவனுக்கு மாலை சூட்டவில்லை. ஊரின் ஆண்டுக் காரியத்தைப் பார்க்கச் சொன்னது சபை. அதுவும் 360 நாள் மட்டும். மூன்றாண்டுக்குள் வாரியம் செய்தவர் மீண்டும் குடவோலைக்கு உரியரல்லர். ஆகவே மதிப்பு ஒருவரிடம் தேங்கிவிடவும் சபை இடங்கொடுக்கவில்லை.

இதன் மறுதலையும் அக்கல்வெட்டிலேயே உள்ளது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதிருந்தோர் விலக்கப்பட்டனர். அவருடைய சிற்றன்னை, பேரன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன், மாமனார் என உறவுமுறைகள் நீண்டு பட்டியலாகி அவர்களும் விலக்கப்பட்டனர். பிறர் பொருளைக் கவர்ந்தோரும், ‘கிராமகண்டகர்’, அதாவது ஊருக்கு முள்ளானவர் எனப்பட்டோரும் கழுவாய் தேடிய பின்னும் உரிமை பெறவில்லை. சபை அடைமொழியைச் சிக்கனமாகப் பயன்படுத்தியது என்று மேலே கூறினோம். இகழ்ச்சியில் மட்டும் அது உருவகத்தைக் கையாண்டிருப்பது நயமான முரண். நல்லவனைக் குறிக்க அதனிடம் உருவகம் இல்லை. கணக்கைத் தானே காட்டி, பெருமக்கள் முன் சுத்தன் எனத் தெளியப்பட்டவன் என்பதே கணக்கனுக்குக் கிடைத்த உயர்ந்த அடை.

ஒருமையாய் ஒலித்த பன்மை

‘ஓம்’ என்பதைக் கூட்டுணர்வின் தூய வெளிப்பாடாகக் கொண்டு மகிழ்வது பிழையாகும். அவ்வொருமை எவ்வாறு உண்டாக்கப்பட்டது என்பதற்கு மானூர்க் கல்வெட்டு சான்று பகர்கிறது. திருநெல்வேலி மாவட்டத்து மானூர் அம்பலநாதர் கோயிலில் உள்ள மாறஞ்சடையனின் 35ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, உத்தரமேரூர் ஆவணங்களுக்கு ஒரு நூற்றாண்டேனும் முற்பட்டது. அவையில் பங்குகொள்ள உரியார் யார் என வரையறுத்தபின், எக்காரியத்துக்கும் ‘அன்று’ என்று மறுத்துத் தடை செய்வோர்க்கும் அவர்க்குத் துணைநிற்போர்க்கும் ஐந்து காசு தண்டம் என்கிறது அது. மறுப்புக்கு விலை வைத்த பிறகு எழும் ‘ஓம்’ அது. தண்டம் விதிக்கும் அளவுக்கு ‘அன்று’ என்போர் இருந்தனர் என்பதும் அதனாலேயே தெரிகிறது.

அக்கல்வெட்டில் அவையில் பங்குகொண்டு உரையாடுதல் ‘மன்றாடுதல்’ எனப்படுகிறது. இன்று அச்சொல் கெஞ்சிக் கேட்டல் என்னும் பொருளில் வழங்குகிறது. மன்றத்தில் உரிமையோடு பேசுவதைக் குறித்த சொல், மன்றத்தின்முன் இரந்து நிற்பதைக் குறிக்கலானது. இப்பொருள் மாற்றம் தனி ஆய்வுக்குரியதாயினும், மன்றத்துக்குள் இருந்தோரைக் காட்டிலும் வெளியே நின்றோர் மிகப் பலர் என்பதை அது நினைவூட்டாமல் இல்லை.

உத்தரமேரூரில் குடவோலைக்கு உரியராவதற்கு இறை செலுத்தும் கால் வேலி நிலத்துக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். 35 வயதுக்கு மேல் 70க்கு உட்பட்டிருத்தல் வேண்டும். வேதக் கல்வி வேண்டும். வேதமொன்றும் பாடியமொன்றும் வல்லவர்க்கு நிலத்தகுதி அரைக்கால் வேலியாகத் தளர்த்தப்பட்டது. பெண்டிர்க்கும் உழுகுடிகளுக்கும் தொழிலாளர்க்கும் அங்கு இடமில்லை. காமரசவல்லிச் சாக்கையனும் தன்னைப் பாராட்டிய சபையில் உறுப்பினனாக அமர்ந்திருக்க முடியாது. நன்னூலாரின் வரையறைப்படி ‘ஓம்’ அவனை உட்கொள்ளவில்லை. அவன் நான்காம் வேற்றுமையில் நிற்பவன். கொடுத்தோம் என்னும் வினை பெருமிதத்தோடு ஒலிக்கும்போதே கொடுப்போர்க்கும் கொள்வோர்க்கும் இடையே ஒரு கோட்டையும் கிழிக்கிறது. சிறப்புச்செய்தல் அக்கோட்டை அழித்துவிடவில்லை என்பதையும், அதனைத் தாண்டி நிலம் சென்றது என்பதையும் சேர்த்தே கூறவேண்டும்.

உக்கல் கல்வெட்டுகளில் இது இன்னும் தெளிவு. முதலாம் இராசராசன் காலத்தில் வழிப்போக்கர்க்காக அமைக்கப்பட்ட கிணற்றுக்கும் தொட்டிக்கும் செய்த ஏற்பாட்டில், நீர் இறைப்போர்க்கும் தண்ணீர் வார்ப்போர்க்கும் கலம் தருவோர்க்கும் நெல் ஒதுக்கப்பட்டது. கிணற்றுக்கு அரசன் பெயர். அமைத்தவர்க்குக் கல்லில் இடம். இறைப்போர்க்குப் பங்கு உண்டு, பெயரில்லை.

தீர்மானிக்கப்பட்டது: எழுவாய் இல்லை

மன்றம் என்னும் சொல் இன்றும் உள்ளாட்சியில் வாழ்கிறது. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் வழி அமைந்த கிராம சபையில் ஊரின் வாக்காளர் அனைவரும் உறுப்பினர். நிலத்தகுதியில்லை, கல்வித்தகுதியில்லை, ஆண் பெண் வேறுபாடில்லை. குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்தநாள் ஆகிய நான்கு நாள்களோடு, மார்ச் 22 உலக நீர் நாளும் நவம்பர் 1 உள்ளாட்சி நாளும் சேர்க்கப்பட்டு ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள் என ஆகியுள்ளது. சோழர் காலச் சபையோடு ஒப்பிட, ‘ஓம்’ என்று உரிமையோடு சொல்லத்தக்க அவை இதுவே.

ஆனால் அதன் பதிவேட்டில் ‘ஓம்’ இல்லை. பொருள், மன்றத்தின் பார்வைக்கு வைத்தல், ‘ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது’ என்னும் முடிப்பு ஆகியனவே வாய்பாடு. நற்பணி செய்த ஒருவரைப் பாராட்டும் தீர்மானமும் ‘மன்றம் தனது பாராட்டுதலைத் தெரிவித்துக்கொள்கிறது’ என்றோ, ‘பாராட்டுத் தெரிவிக்கத் தீர்மானிக்கப்பட்டது’ என்றோ முடிகிறது. ஆங்கில ஆட்சி ஆவணங்களில் எழுவாயின்றித் தொடங்கும் தீர்மான வாய்பாட்டைத் தமிழாக்கியதன் விளைவு இது. 1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் தமிழை அலுவலகத்துக்குக் கொண்டுவந்தபோது சொற்கள் தமிழாயின; தொடரின் எலும்புக்கூடு முன்னையதாகவே இருந்துவிட்டது. செயப்பாட்டுவினை தமிழுக்கு அயலானது என்பது இங்கு வாதமன்று. செய்தவரைச் சொல்ல வேண்டாத இடங்களில் அது பயன்படுவதே. ஊரே கூடிச் செய்த முடிவில் செய்தவரைச் சொல்லாது விடுவதுதான் கேள்விக்குரியது.

நடுகல்லின் ‘பட்டான்’ என்பதிலும் தீர்மானத்தின் ‘-ப்பட்டது’ என்பதிலும் இருப்பது ‘படு’ என்னும் ஒரே வினையடி. அங்கு அது ஓர் ஆளின் சாவைச் சுமந்தது. இங்கு ஆளில்லாத தொடருக்குத் துணைவினையாயிற்று.

அடைமொழிகளின் பெருக்கமும் இம்மாற்றத்தோடு இணைந்தது என்றே தோன்றுகிறது. வாசித்தளிக்கும் வாழ்த்து மடல்களில் ‘தன்னலமற்ற’, ‘ஈடு இணையற்ற’, ‘போற்றுதலுக்குரிய’ என்பன அடுக்கிவரக் காண்கிறோம். என்ன செய்தார், எந்த ஆண்டில், எத்தனை முறை, அதனால் ஊர் எதனை ஏற்றுக்கொள்கிறது என்பவற்றுக்கு அங்கு இடம் குறைவு. எடுத்தனூர்க் கல்லை வெட்டியவர் இரு கள்வர் என எண்ணிச் சொன்னார். காமரசவல்லிச் சபை ஆறு ஆட்டம் என எண்ணிச் சொன்னது. எண் இருந்த இடத்தில் அடை வந்திருக்கிறது.

எழுதினேன்

உத்தரமேரூர்க் கல்வெட்டின் கடைசிப் பகுதிக்குத் திரும்புவோம். சோழநாட்டுப் புறங்கரம்பை நாட்டுச் சீவங்கநகரைச் சேர்ந்த சோமாசிபெருமாள் அரசன் ஆணையால் வந்து உடனிருக்க, பெருங்குறிப் பெருமக்கள் கூடி வகுத்த அந்த நெடிய ஒழுங்குமுறையில், வினைகள் சபையின் பன்மையையும் விதியின் வியங்கோளையும் சார்ந்து நடக்கின்றன. முப்பது குடும்பினரும் வாரியப் பெருமக்களும் குடத்தில் ஓலையிட்டு வாங்கும் நம்பிமாரும் ஓலையெடுக்கும் அறியாச் சிறுவனும் பெயரின்றியே வந்து போகின்றனர். அந்த ஆண்டின் வாரியத்தில் யார் யார் அமர்ந்தனர் என்பதை அக்கல்வெட்டிலிருந்து நாம் அறிய வழியில்லை.

முடிவில் ஒரே ஓர் ஒருமை முற்று வருகிறது. பெருமக்கள் பணிக்க அவ்வொழுங்கை ‘எழுதினேன்’ என்று கூறி, ஊர் மத்தியத்தனான காடாடிப்போத்தன் சிவக்குறி இராசமல்ல மங்கலப்பிரியன் தன் பெயரைச் சேர்த்துக்கொள்கிறான்; பெயரின் இறுதியிலும் தன்மை ஒருமை விகுதியை இட்டு ‘பிரியனேன்’ என்கிறான். சபையோம் என்பதற்கும் பிரியனேன் என்பதற்கும் இலக்கண அமைப்பு ஒன்றே. முன்னது பெயர்களை மறைத்துப் பொறுப்பை நிறுத்துகிறது. பின்னது எழுத்தின் பிழைக்கும் திருத்தத்துக்கும் ஒரு தனி ஆளைப் பொறுப்பாக்குகிறது. பதினொரு நூற்றாண்டுக்குப் பின் அந்தச் சுவரில் நாம் படிக்கும் ஊர்க்காரர் பெயர் அவனுடையதே.